பிள்ளைக்கு முதல் கார்... விலைக்கு முன்னால் மாதத்தைப் பாருங்கள்!

“எப்படியும் அங்கங்க இடிக்கத்தான் போறா. அதுக்கு எதுக்கு நல்ல வண்டி? பழசா ஒண்ணு பார்ப்போம்!”

தஞ்சாவூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஓர் அப்பா சொன்னது இது. பதினெட்டு வயதில் பிள்ளை இருக்கும் பல வீடுகளில் இதே வசனத்தைக் கேட்கலாம். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அந்தக் குடும்பம், கடந்த சில வாரங்களாக மகளுக்காகக் கார் தேடி அலைந்த கதையில் எல்லோருக்குமான பாடங்கள் நிறையவே இருக்கின்றன.

மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கல்லூரி இருப்பது வல்லம் பக்கம், திருச்சி நெடுஞ்சாலையில். தினமும் இரண்டு பஸ் மாற வேண்டும். லேப் இருக்கும் நாள்களில் வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிவிடும். ஸ்கூட்டி வாங்கிக் கொடுக்கலாம் என்றால், லாரிகளும் ஆம்னி பஸ்களும் பறக்கும் நான்குவழிச் சாலையை நினைத்து அம்மாவுக்கு மனசு வரவில்லை. மகளுக்குப் பதினெட்டு முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்ததும், ‘சின்னதா ஒரு செகண்ட் ஹேண்ட் கார்’ என்று முடிவானது. அப்பா ஒதுக்கிய பட்ஜெட் 2 லட்சம் ரூபாய்.

அப்பா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. புதிதாக ஓட்டுகிறவர் கேட் தூணில் உரசுவார், ரிவர்ஸ் எடுக்கும்போது பம்பரை நசுக்குவார். புது காரில் அது நடந்தால் வயிறு எரியும். ஆனால் அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். வீட்டிலேயே இடிப்பதற்கு அதிக வாய்ப்புள்ளவர் யாரோ, அவருக்குத்தான் இடித்தால் காப்பாற்றும் வசதி எதுவுமே இல்லாத வண்டியைக் கொடுக்கிறோம். அனுபவமுள்ள அப்பா ஏர்பேக் உள்ள காரில் கடைக்குப் போவார். அனுபவமில்லாத மகள் ஏர்பேக் இல்லாத காரில் நெடுஞ்சாலையில் போவாள்.

இதை அந்த வீட்டில் முதலில் சொன்னவர் அம்மா. “உரசினா பெயின்ட் அடிச்சுக்கலாங்க. பெரிசா ஒண்ணு ஆச்சுன்னா என்னத்த அடிக்கிறது?”

மாமாவின் கார்

முதலில் வந்தது சென்னையில் இருக்கும் மாமாவின் கார். 2012 மாடல், சின்ன ஹேட்ச்பேக், 48,000 கிலோமீட்டர் ஓடியது. “அக்கா பொண்ணுக்குத்தானே, 1.25 லட்சம் கொடுங்க போதும்” என்று மாமா சொல்லிவிட்டார். பளபளவென்று துடைத்து வைத்த வண்டி. அப்பாவுக்குப் பிடித்துவிட்டது.

கடையின் லோடு வண்டியைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் வந்து பார்த்தார். இன்ஜினைத் தொடவே இல்லை. டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி ஓரடியில் காய்ந்த சேற்றுக் கோடு ஒன்று. பிறகு கால்மிதியைத் தூக்கி, கார்பெட்டின் ஓரத்தைக் கிளப்பி முகர்ந்தார். சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துத் துருவைக் காட்டினார்.

“தண்ணி ஏறுன வண்டி மொதலாளி.”

மாமாவுக்கு போன் போனது. அவர் மறைக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் ஒரு நாள் முழுக்க நின்ற வண்டிதான். “அப்பவே சரி பண்ணிட்டேன் மச்சான். இத்தனை வருஷம் ஓடுச்சே!” ஓடியது உண்மைதான். வெள்ளத்தில் நின்ற காரில் இன்ஜினைச் சரிசெய்துவிடலாம். வயர் இணைப்புகளுக்குள் போன ஈரம் மெல்ல மெல்லத்தான் அரிக்கும். ஒருநாள் பவர் விண்டோ வேலை செய்யாது, இன்னொரு நாள் ஹெட்லைட் அணையும். இரவு ஏழரை மணிக்கு நெடுஞ்சாலையில் தனியாக வரும் பெண்ணுக்கு அப்படி ஒரு வண்டி வேண்டாம்.

சென்னைப் பதிவெண் என்பதற்காக ஒரு காரை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் 2015 வெள்ளம், 2023 டிசம்பரில் சென்னையைப் புரட்டிய மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கொட்டிய மழை என மூன்றையும் மனதில் வைத்து, எந்த ஊர் காரானாலும் சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார்த்துவிடுவது நல்லது. வண்டியைக் கழுவிப் பாலிஷ் போடுகிறவர்கள் பெல்ட்டின் கடைசி ஓரடியைக் கழுவுவதில்லை.

தண்ணீர் விஷயம் தெரியாமலே போயிருந்தாலும், அந்தக் காரில் வேறொரு குறை இருந்தது. ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். பிரேக்கும் கிடையாது. அந்தக் காலச் சின்ன கார்களில் அது சாதாரணம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்பனையான ஐந்து சின்ன கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. மாருதி ஆல்ட்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, வோக்ஸ்வேகன் போலோ. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துமே பூஜ்ஜிய நட்சத்திரம்! ஐந்துமே ஏர்பேக் இல்லாத அடிப்படை வேரியன்ட்கள். அதே போலோவை இரண்டு ஏர்பேக் வைத்துச் சோதித்தபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. கார் அதே கார்தான், பெயரும் அதேதான்.

அதனால்தான் “அந்த மாடல் நல்ல வண்டியாச்சே” என்று யாராவது சொன்னால், “எந்த வருஷம், எந்த வேரியன்ட்?” என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆர்.சி.யில் ஒரு மாதம்

இரண்டாவது கார், திருச்சியில் ஒரு பழைய கார் டீலரிடம். ‘2019 மாடல், சிங்கிள் ஓனர், 2.40 லட்சம்’ என்று போட்டோ அனுப்பியிருந்தார்கள். 2019 என்றதும் அம்மாவுக்கு நம்பிக்கை வந்தது. காரணம், 2019 ஜூலை 1-க்குப் பிறகு தயாரான எல்லா கார்களிலும் டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயம் என்று எங்கோ படித்திருந்தார்.

படித்தது சரிதான். அந்தத் தேதியிலிருந்து டிரைவர் ஏர்பேக்குடன் சீட் பெல்ட் போடாவிட்டால் கத்தும் அலாரம், பின்பக்க பார்க்கிங் சென்சார், வேகம் 80-ஐத் தாண்டினால் எச்சரிக்கும் ஒலி ஆகியவையும் கட்டாயமாகின. அதற்கு முன்பே, 2019 ஏப்ரலில் ஏ.பி.எஸ். எல்லா கார்களுக்கும் வந்துவிட்டது. மோதல் சோதனைக்கான அரசு விதிகள், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் 2019 அக்டோபரில் அமலாயின. ஒரே வருஷத்தின் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் இத்தனை வித்தியாசம்.

திருச்சிக்குப் போய்ப் பார்த்தால், ஸ்டீயரிங் நடுவில் ஏர்பேக்குக்கான எழுத்தே இல்லை. ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தார்கள். பதிவான தேதி, 2019 ஆகஸ்ட். அதே அட்டையில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி: தயாரிப்பு மாதம், 2019 பிப்ரவரி. தயாரித்து ஆறு மாதம் ஷோரூமிலோ கிடங்கிலோ நின்று, பிறகு தள்ளுபடியில் விற்பனையான வண்டி. விதிகள் பார்ப்பது தயாரிப்பு மாதத்தை. விளம்பரங்கள் சொல்வது பதிவான வருஷத்தை.

டீலர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது 2019 வண்டிதான். “ஏர்பேக்லாம் எதுக்கு சார், பாப்பா என்ன ரேஸா ஓட்டப் போகுது?” என்று மட்டும் கேட்டார்.

ரேஸ் ஓட்டாதவர்களுக்கும் ஏ.பி.எஸ். ஏன் முக்கியம் என்று சொல்லிவிடலாம். திடீரென்று குறுக்கே மாடு வந்தால், புதிதாக ஓட்டுகிறவர் பயத்தில் பிரேக்கை முழு பலத்தோடு மிதிப்பார். ஏ.பி.எஸ். இல்லாத காரில் சக்கரங்கள் அப்படியே பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேராகத்தான் வழுக்கிப் போகும். ஏ.பி.எஸ். உள்ள காரில் பிரேக் விட்டு விட்டுப் பிடிப்பதால், மிதித்தபடியே ஒதுங்க முடியும். பழகிய டிரைவர் காலால் செய்யும் சாமர்த்தியத்தை, பழகாதவருக்காக வண்டியே செய்துகொடுக்கிறது. காலடியில் பெடல் தடதடவென்று அதிரும். அப்போது பயந்து காலை எடுத்துவிடக் கூடாது என்பதை மட்டும் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

இன்னொரு தேதியும் இருக்கிறது. 2019 விதி, டிரைவருக்கு மட்டும்தான். பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் எல்லா கார்களுக்கும் கட்டாயமானது 2021 டிசம்பர் இறுதியில். இடைப்பட்ட இரண்டரை வருஷத்தில் வந்த பல குறைந்த விலை வேரியன்ட்களில் ஒரே ஒரு ஏர்பேக்தான் இருக்கும். புதிதாக ஓட்டும் பிள்ளையின் பக்கத்து சீட்டில் உட்காரப்போவது யார்? முதல் ஆறு மாதம் அம்மாவோ அப்பாவோதான்!

சின்ன கார் போதுமா?

அமெரிக்காவில் பதினாறு வயதிலேயே லைசென்ஸ் கிடைத்துவிடும். அங்கே காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் ஐ.ஐ.எச்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு, கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸுடன் சேர்ந்து, பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்ற செகண்ட் ஹேண்ட் கார்கள் என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறது. அதில் மிகச் சின்ன கார்களுக்கு இடமே கிடையாது. சுமார் 1,250 கிலோவுக்கும் குறைவான வண்டிகளை அவர்கள் சேர்ப்பதில்லை. மோதலில் எடை குறைந்த வண்டிதான் அதிகம் அடிவாங்கும் என்பது எளிய இயற்பியல். அதிக குதிரைத்திறன் கொண்ட கார்களும் அந்தப் பட்டியலில் இருக்காது. அவை வேகத்துக்கு ஆசை காட்டும் என்பது காரணம்.

நம் ஊரில் அந்தக் கணக்கை அப்படியே போட்டால் யாருமே கார் வாங்க முடியாது. ஆல்ட்டோ 800 கிலோகூட வராது. டியாகோ சுமார் ஒரு டன். தஞ்சாவூர் கீழவீதியில் நிறுத்தவும், தெருமுனையில் திருப்பவும் சின்ன கார்தான் சௌகரியம். பழகுகிறவருக்கும் அதுதான் எளிது. ஆக, எடையில் விட்டுக்கொடுக்கிறோம் என்றால், மற்ற எதிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று ஆகிறது.

அப்படியானால் பட்ஜெட்டை ஏற்றிக்கொண்டே போக வேண்டுமா? அவசியமில்லை. சட்டம் வருவதற்கு முன்பே இரண்டு ஏர்பேக்கை எல்லா வேரியன்ட்டிலும் கொடுத்த கார்கள் சில உண்டு. மாருதி பலேனோ 2015-ல் அறிமுகமானதிலிருந்தே இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்ஸும் கொண்டது. இக்னிஸ் 2017-லிருந்து, ஸ்விஃப்ட் 2018-ல் வந்த புது வடிவத்திலிருந்து. டொயோட்டா எட்டியோஸ் லிவா விற்பனை நின்றுபோன கார் என்பதால் பலர் கண்ணிலேயே படுவதில்லை. 2016-ல் நடந்த மோதல் சோதனையில் அது இரண்டு ஏர்பேக்குடன் நான்கு நட்சத்திரம் வாங்கியது. மவுசு குறைந்த மாடல்களை டீலர்கள் விலையைக் குறைத்துத்தான் சொல்வார்கள். வாங்குகிறவருக்கு அது லாபம்.

ஏர்பேக் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. அதைத் தாங்கும் உடம்பு வலுவாக இருக்க வேண்டும். 2018 ஸ்விஃப்ட் இரண்டு ஏர்பேக் இருந்தும் இரண்டு நட்சத்திரம்தான் வாங்கியது. 2019-ல் சான்ட்ரோ, 2020-ல் கிராண்ட் ஐ10 நியோஸ், இரண்டுக்கும் அதே இரண்டுதான். டாடா டியாகோ 2020-ல் நான்கு நட்சத்திரம், அல்ட்ரோஸ் ஐந்து. இணையத்தில் இந்த நட்சத்திரங்களைத் தேடும்போது சோதனை நடந்த வருஷத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2022 ஜூலைக்குப் பிறகு குளோபல் என்கேப் விதிகளைக் கடுமையாக்கிவிட்டது. வேகன்ஆர் 2019-ல் இரண்டு நட்சத்திரம் வாங்கி, 2023-ல் ஒன்றுக்கு இறங்கியதில் அந்த மாற்றத்துக்கும் பங்குண்டு.

மூன்றாவது கார்

தஞ்சாவூர்க் குடும்பம் கடைசியாகப் பார்த்தது, கும்பகோணத்தில் ஒரு பேங்க் அதிகாரி விற்ற டியாகோ. ஆர்.சி.யில் தயாரிப்பு மாதம் 2020 செப்டம்பர். பெட்ரோல், இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். எல்லாம் உண்டு. விலை 3.75 லட்சம். கிட்டத்தட்ட பட்ஜெட்டின் இரண்டு மடங்கு. அப்பா பேசவே இல்லை.

“நகைச் சீட்டு அடுத்த மாசம் முடியுதுங்க” என்றார் அம்மா. மகள் கல்யாணத்துக்கென்று கட்டிவந்த சீட்டு. நகைக்கடைச் சீட்டுப் பணத்தை ரொக்கமாகத் திருப்பித் தர மாட்டார்கள். அம்மா அதற்கும் வழி வைத்திருந்தார். சீட்டு நகையை வாங்கிக்கொண்டு, வீட்டில் இருக்கும் பழைய வளையலை விற்பது. அந்த ராத்திரி வீட்டில் பேச்சு நீண்டது. “நகை நாளைக்கு வாங்கிக்கலாம்” என்று அம்மாவும், “கார் விலை இறங்கிக்கிட்டே போகும், தங்கம் ஏறிக்கிட்டே போகும்” என்று அப்பாவும். இரண்டு பேர் சொன்னதும் உண்மை என்பதால் சண்டை சீக்கிரம் முடியவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு, இன்ஜின் சூடாவதற்கு முன்பே, மெக்கானிக்கோடு கும்பகோணத்தில் நின்றார்கள். பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. இரவெல்லாம் நின்ற வண்டியை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போதுதான் பேட்டரியின் லட்சணமும் சைலன்சர் புகையின் நிறமும் தெரியும். நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது என்று அர்த்தம். “இப்பத்தான் சார் கொஞ்சம் ஓட்டி வெச்சோம்” என்று யாராவது சொன்னால், இன்னொரு நாள் வருவதே நல்லது.

இந்த முறை மெக்கானிக் சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்தினார். டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிந்தன. ஏர்பேக் விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் எரிந்து சில நொடிகளில் அணைந்தால் சரி. அணையாமலே எரிந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம்: வெடித்துப்போன ஏர்பேக்கை மாற்றாமல், விளக்கை மட்டும் பிடுங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள். மோதிய காரில் ஏர்பேக் மாற்றுவது பெரிய செலவு. ஸ்டீயரிங் மூடியை மட்டும் மாட்டி விற்றுவிட்டால், வெளியே எழுத்து இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

அப்புறம் பானெட்டைத் திறந்து போல்ட்டுகளின் தலையைப் பார்த்தார். பெயின்ட் பெயர்ந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கண்ணாடிகளின் ஓரத்தில் இருக்கும் கம்பெனி முத்திரை எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்: 3220. அதாவது 2020-ம் ஆண்டின் 32-வது வாரத்தில் தயாரான டயர். பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிட்டது. “நாலு டயரையும் மாத்திடுங்க. பாப்பா மழையில ஓட்டணும்ல?” அந்தச் செலவைச் சொல்லி விலையில் 15,000 ரூபாய் குறைத்துப் பேசினார் அப்பா. பேரம் பேசுவதில் அவருக்கு அதற்குள் பழைய உற்சாகம் திரும்பிவிட்டிருந்தது.

இவ்வளவு நேரமும் கார் யாருக்கோ அவள் ஓரமாகத்தான் நின்றாள். பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. அப்பா ஓட்டிப் பார்ப்பார், மாமா ஓட்டிப் பார்ப்பார், பிள்ளைக்குச் சாவி மட்டும் வரும். மெக்கானிக்தான் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஐந்தடி உயரம். சீட்டை முன்னால் இழுத்தால் கிளட்ச் எட்டியது. ஆனால் நெஞ்சு ஸ்டீயரிங்குக்கு மிக அருகில் வந்துவிட்டது. நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே சுமார் 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். விரிகிற ஏர்பேக் அவ்வளவு வேகத்தில் வரும். நல்லவேளையாக அது சீட்டை உயர்த்தும் லீவர் உள்ள வேரியன்ட். சீட்டை ஏற்றி, முதுகை நிமிர்த்தி வைத்ததும் சரியாக வந்தது. தலையணை போட்டு உட்கார்ந்து ஓட்டுவது சரியில்லை. பிரேக் பிடிக்கும்போது நழுவும்.

பின்கண்ணாடியில் என்ன தெரிகிறது, பக்கத்துத் தூண் வளைவில் எவ்வளவு மறைக்கிறது, கிளட்ச் காலுக்குக் கனமாக இருக்கிறதா என்பதையெல்லாம் ஓட்டப்போகிறவர்தான் சொல்ல முடியும். அவள் அரை மணி நேரம் ஓட்டினாள். “ரிவர்ஸ் கியர் மட்டும் கொஞ்சம் டைட்டா இருக்குப்பா” என்றாள். மற்றதெல்லாம் பிடித்திருந்தது.

காகிதங்கள்

எம்-பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டு, எத்தனையாவது ஓனர், வங்கிக் கடன் நிலுவை உண்டா, இன்ஷூரன்ஸ் எதுவரை, அபராதச் சலான் பாக்கி உண்டா என்று பார்த்துக்கொண்டார்கள். கடனில் வாங்கிய வண்டியென்றால், வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்றவர் 14 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். டீலரிடம் வாங்குகிறவர்கள், அவர் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று வைத்திருக்கிறாரா என்று கேட்கலாம். 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம்.

பெரும்பாலான வீடுகளில் தவறிப்போவது இன்ஷூரன்ஸில். ஆர்.சி. யார் பெயரில் இருக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, ‘அப்பா பெயர்தானே’ என்று சாதாரணமாக முடித்துவிட்டார்கள். பாலிசியில் ‘ஓனர் டிரைவர்’ என்று 15 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று சேர்ந்தே வரும். அது வண்டியின் பதிவு உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கானது. ஆர்.சி. அப்பா பெயரில் இருந்து மகள் ஓட்டினால், அந்த 15 லட்சம் மகளுக்குப் பொருந்தாது. ஒன்று, வண்டியை மகள் பெயரிலேயே பதிவுசெய்யலாம். இல்லையென்றால் அவளுக்கென்று தனி விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும். இவர்கள் வண்டியை மகள் பெயருக்கே மாற்றிவிட்டார்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், புது ஓனருக்கு வராது என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் பத்தாவது படிக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். கார் வந்ததும் ‘ஒரே ஒரு ரவுண்டு’ என்று ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு அம்மா காட்டியது மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவை. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தம்பியை உறைய வைத்தது கடைசி வரிதான்.

லைசென்ஸ் வாங்காமல் எல்.எல்.ஆர். மட்டும் வைத்திருக்கும் பிள்ளைகள், லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இல்லாமல், முன்னும் பின்னும் ‘எல்’ போர்டு இல்லாமல் ரோட்டில் இறங்கக் கூடாது. அப்படி இறங்கி விபத்தானால் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் சிக்கலாகும். இந்த வீட்டில் லைசென்ஸ் வந்த பிறகும் ‘எல்’ ஸ்டிக்கரை எடுக்கவில்லை. முதல் ஆறு மாதத்துக்குச் சில நிபந்தனைகள்: இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் தனியாக வேண்டாம், லேப் நாளில் அப்பா கூட வருவார், காரில் ஒரு தோழிக்கு மேல் ஏற்றக் கூடாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் புது லைசென்ஸ் வாங்கிய இளைஞர்கள் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணிவரை இளவயதுப் பயணி ஒருவருக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இங்கே அம்மாவின் வாய்ச்சொல்தான் சட்டம். மகள் முகத்தைச் சுளித்தாலும் ஒத்துக்கொண்டாள்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று உள்ளே துடைத்துக்கொண்டிருந்த அம்மா, பக்கத்து சீட்டின் பெல்ட் மாட்டும் இடத்தில் ஒரு சின்ன இரும்புத் துண்டு செருகியிருப்பதைப் பார்த்தார். பெல்ட் போடாமலே அலாரத்தை ஏமாற்றும் போலி கிளிப். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளில் இதை விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தும், பல கார்களில் இன்னும் இருக்கிறது. அம்மா அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்.

கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் நசுக்கி, மகள் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். அப்பா பக்கத்து சீட்டில். வண்டி தெருமுனையைத் தாண்டவில்லை, டேஷ்போர்டு விடாமல் கத்த ஆரம்பித்தது.

“என்னம்மா ஆச்சு? என்ன கோளாறு?” என்று அப்பா பதறினார்.

“கோளாறு இல்லப்பா. பெல்ட்டப் போடுங்க.”